கினபாலு மலையில சும்மா படுத்திருந்தேன், நெஞ்சு மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு

ஆயர்ஈத்தாம்_பையன்:
போன மாசம் நாங்க நாலு பேரு கினபாலு ஏறினோம். தண்ணீர்மலை கோயில் 513 படியையும் வாரத்துக்கு மூணு நாளு ஏறி இறங்கி ட்ரெயினிங் எடுத்தவன் நான், அதனால ஸ்டாமினா இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உச்சிக்குக் கீழ தங்குற இடம் பானாலபான், அங்க ராத்திரி தூக்கமே இல்ல, அசையாம படுத்திருக்கேன் வாட்ச்ல துடிப்பு 98, வீட்டுல 60 தாண்டாது. ரத்தத்துல ஆக்சிஜன் 86 சதவீதம். என் ஹார்ட்ல ஏதும் கோளாறா? அடுத்த வருஷம் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ப்ளான் வேற, அம்மா இப்பவே அழறாங்க.

செந்தூல்_பைக்கர்:
கீழ இறங்கினப்புறம் எத்தனை கோப்பி-ஓ குடிச்ச, மேல எத்தனை குடிச்ச, அத மொதல்ல சொல்லு லா 😂

நைட்ஷிஃப்ட்_அக்கா:
தம்பி, நான் நர்ஸ். பானாலபான் 3,270 மீட்டர் கிட்ட. அங்கேயும் காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம்தான், காத்தழுத்தம்தான் குறைச்சல், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறது கம்மி. கழுத்து ரத்தக்குழாய் பிரியுற இடத்துல அரிசி அளவுக்கு ஒரு குட்டி உறுப்பு இருக்கு, ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா அதுதான் மூளைக்குத் தகவல் கொடுக்கும், உடனே மூச்சும் துடிப்பும் ஏறும். உன் ஹார்ட் வேலையத்தான் செஞ்சிருக்கு, படி ஏறுன பழக்கம் இதுக்கு உதவாது. ஆமா, ராத்திரி அடிக்கடி டாய்லெட் போனியா?

ஆயர்ஈத்தாம்_பையன்:
நாலு தடவ! அந்தக் குளிர்ல! எப்படிக்கா தெரிஞ்சுச்சு

நைட்ஷிஃப்ட்_அக்கா:
உடம்பே தண்ணிய வெளிய தள்ளி ரத்தத்தக் கெட்டியாக்குது, அப்பத்தான் அதே அளவு ரத்தத்துல கூடுதலா ஆக்சிஜன் போகும். ஆனா அதனால ஒரு துடிப்புக்கு ஹார்ட் தள்ளுற ரத்தம் குறையும், அந்தக் குறைய எண்ணிக்கையில சரிக்கட்டுது. புது சிவப்பணு வர வாரக்கணக்காகும், நீ ரெண்டே நாளுல ஏறி இறங்கிட்ட. இன்னொண்ணு, நுரையீரல் ரத்தக்குழாய் அங்க சுருங்கும், வலது பக்க ஹார்ட்டுக்குத்தான் அந்தச் சுமை. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமலும் வந்தா போட்டோவெல்லாம் மறந்துட்டு கீழ இறங்கிடணும்.

பழைய_பட்டர்வொர்த்:
நம்ம மலேசியாக்காரங்க மகேந்திரனும் மோகனதாசும் 1997 மே 23ல எவரெஸ்ட் உச்சியில நின்னாங்க, அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா மேலயும் கீழயும் போய் வந்து உடம்பப் பழக்கினாங்க. திபெத்து ஆளுங்க கதை வேற, அவங்க மரபணுவே ரத்தம் ரொம்பக் கெட்டியாகாம பாத்துக்குதாம். நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

நைட்ஷிஃப்ட்_அக்கா:
அதேதான் அண்ணே. தம்பி, பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், அங்க காத்தழுத்தம் நம்ம பினாங்குல உள்ளதுல பாதிதான். போறதுக்கு முன்னாடி டாக்டரப் பாத்து ஒரு ஈசிஜி எடு, போற வழியில நாம்சே ஊருல ரெண்டு ராத்திரி தங்கு.

ஆயர்ஈத்தாம்_பையன்:
ஏஜெண்டுகிட்ட கேட்டேன்கா, ஒரு ராத்திரி கூடுதலா தங்க தனி காசாம். அம்மாகிட்ட சொன்னேன், மொதல் தடவையா அழாம பர்ச எடுக்கப் போயிட்டாங்க.