ஒரே பெயரில் மூன்று பெண் கைதிகள்: எங்கள் குடும்பத்தவர் யார் என்று உறுதிசெய்வது எப்படி?

கேள்வி

வணக்கம். என் மாமியார் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய எள்ளுப்பாட்டி மேரி, 1847இல் ஹோபார்ட்டில் திருமணம் செய்துகொண்டவர். அவர் தம் விருப்பப்படி கப்பலேறி வந்தவர் என்றுதான் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பெயர்ப் பட்டியலில் தேடியபோது, அதே பெயரும் குடும்பப்பெயரும் கொண்ட மூன்று பெண் கைதிகள் 1840களில் அங்கே வந்திறங்கியது தெரிந்தது. திருமணப் பதிவில் பெற்றோர் பெயர் இல்லை; வயது என்ற இடத்தில் ‘வயது வந்தவர்’ என்று மட்டும் இருக்கிறது. எண்பதை நெருங்கும் மாமியாருக்கு வேறு யாரோ ஒரு பெண்ணை முன்னோராகக் காட்டிவிடக் கூடாது என்பதால் உதவி கேட்கிறேன்.

மறுமொழி 1

அம்மா, பெயரை விட்டுவிட்டுக் கப்பலைத் தேடுங்கள். வான் டீமன்ஸ் லாந்து என்று அப்போது அழைக்கப்பட்ட அத்தீவுக்கு 1853 வரை 12,000க்கும் மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும், குற்றத் தண்டனையாக நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் மேரிகளும் ஆன்களும் ஏராளம் என்பதால், எழுத்தர்கள் ஒவ்வொரு பெண்ணின் பெயரோடும் அவர் வந்த கப்பலின் பெயரைச் சேர்த்தே எழுதினார்கள்.

தண்டனைக் காலத்தில் இருப்பவர் மணம் புரிய அப்போது அரசின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பங்களின் பதிவேடுகள் 1829 முதல் 1857 வரைக்கும் கிடைக்கின்றன. உங்கள் ஆண்டுக்கு உரியது காப்பகத்தில் ‘கான் 52’ (CON52) என்று எண்ணிடப்பட்ட ஆவண வரிசை. அதில் மணமக்கள் இருவரின் பெயருக்கு நேரேயும் கப்பல் குறிக்கப்பட்டிருக்கும். மணமகன் பெயரிலும் தேடுங்கள். அனுமதி கிடைத்தும் திருமணம் நடக்காமல் போனதுண்டு. ஆகவே அனுமதித் தேதிக்குப் பின் சில வாரங்களில் உங்கள் திருமணப் பதிவு வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மணமகன் பெயரில் கிடைத்துவிட்டது. அனுமதி வழங்கப்பட்டு மூன்று வாரத்தில் திருமணம் நடந்திருக்கிறது. அந்தக் கப்பலில் வந்த மேரியின் நடத்தைப் பதிவேட்டுப் பக்கத்தையும் திறந்துவிட்டேன். உயரம், கண்ணின் நிறம், இடது கையில் தழும்பு எல்லாம் இருக்கின்றன. அதன் கீழே நெருக்கி எழுதிய வரிகளில், அனுமதியின்றி வெளியே சென்றதற்கும் மணமாகாமல் குழந்தை பெற்றதற்கும் தண்டனைகள் உள்ளன. இதைப் படித்ததிலிருந்து மனம் கனத்துக் கிடக்கிறது. இந்தப் பெண்தான் என்று இன்னும் உறுதிப்படுத்த ஏதேனும் வழி உண்டா?

மறுமொழி 2

நீங்கள் பார்த்த நடத்தைப் பதிவேடு ‘கான் 41’ வரிசையாக இருக்கும். அதோடு நிறுத்தாமல், வந்திறங்கிய கைதிகளின் பட்டியலான ‘கான் 15’ஐயும் பாருங்கள், 1840களின் பட்டியல்களில் பெண்ணின் சொந்த ஊரோடு பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களும் எழுதப்பட்டிருப்பதுண்டு. அவற்றை மேரி பின்னாளில் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களோடு ஒப்பிடுங்கள். இலண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டவர் என்றால், வழக்கின் அச்சிட்ட பதிவையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

அந்தத் தண்டனைகளை வைத்து அவரை எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எசமானரின் வீட்டில் வேலை செய்யும் பெண் கருவுற்றால், கேஸ்கேட்ஸ் போன்ற பெண் கைதிகள் கூடத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். தகப்பன் யாராக இருந்தாலும் தண்டனை அவளுக்குத்தான். அப்பெண்களின் குழந்தைகளில் பலர் காப்பகத்திலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் நியூ டவுனில் இருந்த அநாதைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தாயின் பெயரையும் கப்பலையும் வைத்துத் தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

‘கான் 15’ பட்டியலில் மேரியின் தாயின் பெயர் பிரிட்ஜெட் என்று இருக்கிறது. மேரியின் மூத்த மகளுக்கு 1849இல் ஞானஸ்நானம் செய்தபோது இட்ட பெயரும் பிரிட்ஜெட்தான். பரவலான பெயர் என்றாலும், கப்பலும் அனுமதியும் ஏற்கெனவே பொருந்தியிருப்பதால் ஐயம் தீர்ந்தது. மாமியாரிடம் அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன்; அவர் முதலில் கேட்டது அந்தக் குழந்தையைப் பற்றித்தான். அநாதைப் பள்ளிப் பதிவேட்டில் இன்று தேடத் தொடங்கியிருக்கிறேன்.