தோன்கா ஷிபெனிட்சே (1930): இதைப் பேசும் படம் என்று சொல்லலாமா?

நள்ளிரவு ரசிகன்:
நேற்று இரவு கரெல் அன்டோன் இயக்கிய இந்தச் செக் படத்தைப் பார்த்தேன், இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தூக்குக் கைதி ஒருவன் கடைசி இரவில் ஒரு பெண்ணின் துணை வேண்டும் என்று கேட்கிறான். ப்ராக் நகரத்து விடுதியில் இருக்கும் யாருக்கும் போகத் துணிவில்லை, தோன்கா மட்டும் இரக்கப்பட்டுப் போகிறாள். திரும்பி வந்தவளுக்குத் 'தூக்குமரத் தோன்கா' என்று பட்டப்பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு நல்ல காரியம்தான் அவள் வாழ்க்கையையே கெடுக்கிறது.

என் சந்தேகம் என்னவென்றால், செக் சினிமாவின் முதல் பேசும் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஊமைப்படம் பார்ப்பது போலவே இருக்கிறதே, ஏன்?

பழைய ரீல்:
உங்களுக்குத் தோன்றியது சரிதான். இதை ஊமைப்படமாகத்தான் எடுத்தார்கள், ஒலியைப் பிறகு பாரிஸில் சேர்த்தார்கள். ப்ராக்கின் லுட்செர்னா திரையரங்கில் 1929-லேயே அமெரிக்கப் பேசும் படம் ஓடிவிட்டது, ஜனங்களும் அந்த ருசியைக் கண்டுவிட்டார்கள், ஆனால் ஒலியோடு படம் பிடிக்கும் வசதி அங்கே இருந்த ஸ்டூடியோக்களுக்கு இன்னும் வரவில்லை. அப்புறம் இன்னொன்று, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் இதைக் கொண்டுவந்தார்கள். தோன்காவாக வரும் ஈத்தா ரீனா ஸ்லொவேனியாக்காரர், அம்மாவாக வரும் வேரா பரனோவ்ஸ்கயா ரஷ்யர். ஊமைப்படத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை, முகம் போதும். ஒலி வந்த பிறகுதான் யார் எந்த மொழிக்காரர் என்ற கேள்வியே எழுகிறது.

மழைக்காலம்:
அந்தச் சிறை அறைக் காட்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கைதியாக நடித்தவர் யோசெஃப் ரோவென்ஸ்கி. பயமும் வெட்கமும் ஒன்றாக அந்த முகத்தில் வந்து போவதைப் பார்த்தால், இவர் பின்னால் நல்ல இயக்குநராகவும் ஆனதில் ஆச்சரியமே இல்லை, 1933-இல் வந்த 'ரெக்கா' (நதி) அவருடையதுதான். மூலக்கதை ப்ராக்கில் பிறந்து ஜெர்மனில் எழுதிய பத்திரிகையாளர் எகோன் எர்வின் கிஷ்ஷுடையது. அதில் தோன்கா செத்த பிறகு வானுலகத்தில் நின்று தன் கதையைச் சொல்கிறாள். படம் அவளை மண்ணிலேயே வைத்திருக்கிறது. எனக்கு இதுதான் கூடுதலாக வலித்தது.

பழைய ரீல்:
ஒலியை நிஜமாகவே யோசித்துப் பயன்படுத்திய செக் படம் வேண்டுமென்றால் அடுத்த ஆண்டே வந்த குஸ்தாவ் மகாட்டியின் 'ஸெ சொபோத்தி நா நெதியெலி'யைப் பாருங்கள், 'சனியிலிருந்து ஞாயிறுக்கு' என்று அர்த்தம். தட்டச்சு வேலை பார்க்கும் பெண்ணின் ஒரே ஒரு இரவு. இசை யரோஸ்லாவ் யெஜெக், திரைக்கதையில் கவிஞர் நெஸ்வாலும் இருக்கிறார். வசனம் குறைவுதான், ஆனால் இரவு விடுதியின் ஜாஸ் இசை அவ்வளவு வேலை செய்கிறது. ஈத்தா ரீனாவைப் பிடித்திருந்தால் மகாட்டியின் 1929 ஊமைப்படம் 'எரோட்டிகோன்' கட்டாயம்.

நள்ளிரவு ரசிகன்:
நன்றி. பாரிஸ் விஷயம் தெரிந்ததும் படத்தை மறுபடி ஓடவிட்டேன், இந்தத் தடவை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு. சிறை அறைக் காட்சியில் எனக்கு எதுவுமே குறையவில்லை. மகாட்டி படத்தைச் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன்.