எல்லைப்புற நாவல்களுக்கு ஓர் அடுக்கு: முதல் புத்தகம் எது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
கடையில் ஓர் அடுக்கைக் கேரள எல்லைத் தமிழ் நாவல்களுக்கு ஒதுக்குகிறோம். பத்துத் தலைப்புகள்தான் பிடிக்கும். வருபவர்களில் பலர் மலையாள மீடியத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ்தான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். எதை முதலில் கையில் கொடுக்கலாம்? குமரி வட்டாரப் பேச்சு பாலக்காட்டுக்காரர்களுக்குப் பிடிபடுமா?

பதில் (மார்த்தாண்டம்):
கண்ணை மூடிக்கொண்டு ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) கொடுங்க அண்ணாச்சி. மெலிந்த புத்தகம். வட்டார வழக்கு பெரும்பாலும் உரையாடலில்தான், கதைசொல்லல் எளிய தமிழ். வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸியும் பனையேறி மகன் தங்கராஜும் வாசகரைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அடுத்து தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988). அரபும் மலையாளமும் கலந்த பேச்சு. சென்னை வாசகர் திணறும் இடத்தில் உங்க ஊர்க்காரர் சுலபமாகத் தாண்டிவிடுவார். 1997இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது என்று அவரோட 'சாய்வு நாற்காலி'யை முதலில் நீட்டாதீங்க. அருமையான நாவல்தான், ஆனால் தலைமுறைகளுக்கிடையே முன்னும் பின்னும் போகும். புதியவர் யார் யாருக்கு என்ன உறவு என்பதிலேயே சிக்கிக்கொள்வார்.

பதில் (திருவனந்தபுரம்):
மேலே சொன்ன வரிசை சரி. நீல பத்மநாபனில் 'தலைமுறைகள்' (1968) வேண்டாம், குமரி மாவட்டத்து இரணியல் வழக்கு அடர்த்தி. 'பள்ளிகொண்டபுரம்' (1970) வையுங்கள். பிரிந்துபோன மனைவியை நினைத்தபடி அனந்தன் நாயர் திருவனந்தபுரம் நகரமெங்கும் அலைகிறார். தெருக்கள் தெரிந்தவருக்கு அது தனி ருசி. நாவலுக்கு நேரமில்லை என்பவருக்கு எங்க ஊர்க் கடைவீதியான சாலைத் தெருவைப் பற்றிய ஆ. மாதவனின் கதைகள்.

ஓ.வி. விஜயனின் மலையாள நாவலில் வரும் கசாக் கிராமத்துக்கு முன்மாதிரியான தஸ்ராக் உங்களுக்குப் பக்கத்தில்தானே! அந்த நாவலை 'கசாக்கின் இதிகாசம்' என்று யூமா வாசுகி தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். மலையாள மூலத்தையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள். மலையாளத்தில் ஓர் அத்தியாயம், உடனே தமிழில் அதே அத்தியாயம் என்று படித்தால், கதை ஏற்கெனவே தெரிவதால் கண் எழுத்தில் மட்டும் நிற்கும். பாடப்புத்தகத்தைவிட வேகமாகத் தமிழ் வாசிப்பு கைவரும்.

பதில் (செங்கோட்டை):
சரக்கு விஷயம். 'புத்தம் வீடு' மூன்று பிரதி, மற்றவை ஒவ்வொன்று போதும். கட்டு பிரித்ததும் பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்துத் தைக்கும் ஒரு தாள்மடிப்பு, பெரும்பாலும் 16 பக்கம். தைக்கும்போது ஒன்று விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை வரும். விற்றபின் தெரிந்தால் வாசகர் திரும்ப வரமாட்டார்.

ஜூன் மழைக்கு முன் அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பிளாஸ்டிக் உறையோடு அடுக்கினால் ஈரம் உள்ளேயே நின்று அட்டையில் பூஞ்சை பிடிக்கும். உறையைப் பிரித்தே வையுங்கள். வருபவர் முதல் பக்கத்தை நின்றபடியே வாசித்துப் பார்க்கவும் அதுதான் வசதி.