பூட்டன் பெயரைக் கண்டுபிடிக்க எந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம்?

மேட்டுக்காடு:
எங்கள் பூர்வீகம் ஓமலூர் பக்கம். அப்பாருவின் (தாத்தாவின்) அப்பா ஏற்காட்டுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள், பெயரைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போன மாதம் பெரியத்தையும் தவறிவிட்டார், இனி கேட்க ஆள் இல்லை. பிறப்புப் பதிவு தேடி ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன், வருடம் தெரியாமல் தேட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கையில் இருப்பது அப்பாரு பெயரில் 1958-ஆம் வருடக் கந்தாய (நில வரி) ரசீது, அதில் சர்வே நம்பர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பழையபத்திரம்:
சர்வே நம்பர் இருக்கிறதல்லவா, அது போதுங்க. ஆளை விட்டுவிட்டு நிலத்தைத் தேடுங்க. ஆன்லைனில் வில்லங்கம் (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975-இலிருந்துதான் வரும், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். பத்திர எண் கிடைத்ததும் நகல் வாங்குங்க. "இன்னார் குமாரர் இன்னார்" என்று எழுதாத கிரயப் பத்திரத்தை நான் பார்த்ததில்லை, சிலதில் நிலம் பிதுரார்ஜிதமாக (முன்னோர் சொத்தாக) யாரிடமிருந்து வந்தது என்றும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் மாட்டினால் விடாதீங்க, அண்ணன் தம்பி எல்லோர் பெயரும் ஒரே இடத்தில் கிடைக்கும். எண்பதுகளில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல நம்பர்கள் உட்பிரிவாகிவிட்டன, அதனால் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலரிடம்) 'அ' பதிவேட்டில், அதாவது ஊரின் சர்வே நம்பர் வாரியான நிலப் பதிவேட்டில், பழைய நம்பரை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்க.

தருமபுரியான்:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க: பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் இன்றைய சேலம் என்று நினைக்க வேண்டாம், 1965 வரை தருமபுரியும் 1997 வரை நாமக்கல்லும் அதில்தான் இருந்தன. அப்புறம் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம். ஆங்கீரச 1932-லும் வரும், 1872-லும் வரும். நான் இப்படித்தான் ஒரு தலைமுறையையே மாற்றி எழுதி, இரண்டு வருடம் கழித்துத் திருத்தினேன்.

சேர்வராயன்அடிவாரம்:
ஏற்காட்டில் காப்பி 1820 வாக்கிலேயே வந்துவிட்டது, ஆகவே தோட்ட வேலையை வைத்து மட்டும் காலத்தைக் கணிக்க முடியாது. தோட்டத்து ஆளுக்கு மலையில் நிலம் இருந்திருக்காது, அங்கே பத்திரம் தேடி அலைய வேண்டாம். அதைவிட உங்கள் குலதெய்வக் கோயில் வரி நோட்டைப் பாருங்க, தலைக்கட்டு (குடும்பம்) வாரியாகப் பெயர் இருக்கும். 1980-இல் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் பதவிகளை எடுத்தார்கள் இல்லையா, ஊரில் பழைய கர்ணம் வீட்டில் கணக்குக் கட்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்க. அந்த வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்க.

மேட்டுக்காடு:
ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். ரசீதில் ஒரு இலக்கம் மங்கியிருக்கிறது, 3-ஆ 8-ஆ தெரியவில்லை, இரண்டுக்கும் மனு கொடுத்துவிடுகிறேன். கோயில் நோட்டு பங்காளி வீட்டில்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.