முலான் கூந்தலை அறுத்தபோது யாராக இருந்தாள்?

தென்றல்வாசி: "கூந்தலை அறுத்த கணத்தில்தான் முலான் தானாக ஆனாள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அப்பாவுக்குப் பதிலாக ஆண்வேடத்தில் படைக்குப் போக முடியை அறுத்து, பிங் என்று பொய்ப்பெயர் சூடி, குரலை மாற்றிப் பேசியவள் எப்படித் தானாக இருந்தாள்? அது வேடம்.

நிலாமுற்றம்: எழுதியவள் நான்தான். "ஒருவர்" என்று மறைக்க வேண்டாம். டிஸ்னியின் 1998 'முலான்' படத்தை மறுபடியும் பாருங்கள். மழை இரவு. அப்பாவின் தலைமாட்டிலிருந்த படை அழைப்பாணையை எடுத்துக்கொண்டு, தன் சீப்பை அங்கே வைக்கிறாள். பிறகு அப்பாவின் வாளாலேயே கூந்தலை அறுக்கிறாள். முடிவு அவளுடையது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏட்டுச்சுவடி: அறுக்கத் தேவையே இல்லை. அக்காலச் சீனத்தில் ஆண்களும் நீள முடிதான் வளர்த்தார்கள். மூலமான பழம்பாடலில் கூந்தலை அறுப்பதே கிடையாது. படத்திலேயே தளபதி ஷாங் கொண்டைதான் போட்டிருக்கிறான்.

தென்றல்வாசி: ஆணுக்குக் குடுமி என்று எழுதுங்கள். கொண்டை பெண்களுக்கு.

ஏட்டுச்சுவடி: சேவலுக்கும் கொண்டைதான் ஐயா. போன மாதம் 'ஃப்ரோசன்' படத்து எல்சாவைப் பற்றிய விவாதத்திலும் என் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டீர்கள், பொருளை விட்டுவிட்டீர்கள்.

தென்றல்வாசி: அதை இன்னுமா சுமந்துகொண்டிருக்கிறீர்கள்?

நிலாமுற்றம்: குடுமிச் சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத இடத்தில் அறுத்தாள் என்றால் என் கட்சிக்குத்தான் வலு. உடலும் முடியும் பெற்றோர் தந்தவை, சிதைக்கக் கூடாது என்று கற்பித்த மரபில் பிறந்தவள் அவள். படைப் பயிற்சியில் ஏறச் சொன்ன கம்பத்தை நினைத்துப் பாருங்கள். கைகளில் கட்டிய இரண்டு எடைகளும் மற்றவர்களைக் கீழே இழுத்தன. அவள் அவற்றையே கம்பத்தில் சுற்றிப் பிணைத்து உச்சிக்கு ஏறினாள். பெயர்தான் பிங், அந்த யோசனை முலானுடையது.

தென்றல்வாசி: பேரரசரைக் காப்பாற்றியபோது பெண் உடையில்தானே இருந்தாள்? வேடம் கலைந்த பிறகுதான் வென்றாள்.

நிலாமுற்றம்: அதே அரண்மனையில், எதிரிப் படைத் தலைவன் ஷான் யூவின் முன்னால் அவிழ்ந்த முடியைப் பின்னுக்கு இழுத்துக் காட்டுகிறாளே, ஏன்? பனிமலையில் தன்னைத் தோற்கடித்த வீரன் இவள்தான் என்று அவன் அப்போதுதான் அறிகிறான். எதிரிக்கே புரிந்துவிட்டது.

தென்றல்வாசி: எப்படிச் சொன்னாலும் அது வேடம்தான்.

நிலாமுற்றம்: மூன்றாவது முறையாக அதையே சொல்கிறீர்கள். வேடம் போடுகிறவள் தன் சீப்பை அப்பாவுக்கு எதற்காக விட்டுப்போக வேண்டும்? அந்தச் சீப்புக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.