புதுப்பிப்பு: ஓரப்பட்டி மூலை இப்போ நகரலை

போன வாரம் கேட்டிருந்தேனே, க்வில்ட்டுக்கு, அதாவது அடுக்குத் துணிப் போர்வைக்கு, ஓரத்தை மூடுற ஓரப்பட்டி தைக்கும்போது குண்டூசி குத்தினாலும் மூலை நகர்ந்துடுதுன்னு. தண்ணியில் கரையுற ஸ்கூல் பசையைப் போட்டுப் பாருங்கன்னு இங்கே ஒரு அக்கா சொன்னாங்க. போட்டுட்டேன், மனசு நிறைஞ்சு போச்சு.

முதல் நாள் பாட்டில் வாயாலேயே பிழிஞ்சேன். பசை திட்டுத் திட்டாக் காய்ஞ்சு, அந்த இடத்துல ஊசி இறங்கவே சிரமப்பட்டுது. அப்புறம்தான் மெல்லிய உலோக முனை வாங்கி மாட்டினேன். இப்போ கடுகளவு புள்ளி, ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒண்ணு, எல்லாம் தையலுக்கு வெளியே விடுற கால் அங்குலத் தையல் விளிம்புக்குள்ளேயே. மேலே நீராவி இல்லாம சூடான அயர்ன் பாக்ஸை வச்சு எடுத்தா சில நொடியில பிடிச்சுக்குது. 45 டிகிரி மூலை மடிப்பு தையல் முடியுறவரை அசையவே இல்லை!

வேலை முடிஞ்சதும் முனைக்குள்ள ஒரு குண்டூசியைச் செருகி வையுங்க, இல்லேன்னா அடைச்சுக்கும்.

நேத்து துவைச்சேன். விறைப்பா இருந்த ஓரம் காய்ஞ்சதும் மெத்துன்னு ஆயிடுச்சு. கறுப்புத் துணியிலகூட வெள்ளைத் தடம் இல்லை. தண்ணி படக்கூடாத பட்டுல மட்டும் போட்டுடாதீங்க. அக்காவுக்கு ரொம்ப நன்றி.