அப்பாவின் பழைய டீசல் பிக்கப்புக்கு நியாய விலை எது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அப்பா தவறி ஐந்து மாதம் ஆகிறது. அவர் விட்டுப்போனதில் இன்னும் பங்கு பிரியாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான், அவருடைய டீசல் பிக்கப். 1998-இல் செய்த வண்டி. டர்போ கிடையாது, பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின். மீட்டரில் 3,12,000 கிலோமீட்டர். தம்பி அதைத் தானே வைத்துக்கொண்டு எனக்கும் தங்கைக்கும் சேரவேண்டியதைப் பணமாகக் கொடுத்துவிடுகிறேன் என்கிறான். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். இணையத்தில் வருடத்தையும் கிலோமீட்டரையும் போட்டால் ஒரு தொகை வருகிறது. பழைய வண்டி வியாபாரி ஒருவர் வந்து டயரை ஒரு உதை உதைத்துவிட்டு அதில் பாதி சொன்னார். அப்பாவின் சிநேகிதர் ஒருவர், இந்த மாதிரி வண்டி இனிமேல் வராது என்று அதே தொகைக்கு ஒன்றரை மடங்கு சொல்கிறார். அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்! தம்பி கூடுதலாகக் கொடுத்தேன் என்று நினைக்கக் கூடாது, தங்கை குறைவாக வாங்கினேன் என்று நினைக்கக் கூடாது. பழைய டீசல் வாங்கியவர்கள், விற்றவர்கள் எப்படி விலைக்கு வந்தீர்கள்?

*

அந்த மூன்று பேரும் சொன்னது மூன்று வேறு கேள்விகளுக்கான பதில். வியாபாரி சொன்னது அவர் வாங்கும் விலை. வேலை பார்க்கணும், விற்கும் வரை நிறுத்தி வைக்கணும், லாபமும் வரணும். அந்த விலையைத் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதர் போட்டது பாசத்துக்கு விலை. இணையக் கணக்கு சராசரியைச் சொல்லும். 25 வருஷம் தாண்டிய வண்டிகள் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை, பிறகு சராசரி எங்கிருந்து வரும்?

நியாயச் சந்தை விலை என்றால் பொதுவாகச் சொல்வது இதுதான்: வாங்க விரும்புகிறவர் ஒருவர், விற்க விரும்புகிறவர் ஒருவர், இருவருக்கும் நெருக்கடி இல்லை, வண்டியின் நல்லது கெட்டது இருவருக்கும் தெரியும், அந்த நிலையில் கைமாறும் தொகை. இதில் கடைசி நிபந்தனைதான் பழைய வண்டியில் பாடாய்ப் படுத்தும்.

நான் என் வண்டியை விற்பதற்கு முன் பத்து வாரம் விளம்பரங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அதே இன்ஜின், அதே கேபின், முன்பின் மூன்று வருஷ மாடல் என்று 14 வண்டிகள் தேறின. நான்கு முதல் வாரத்திலேயே காணாமல் போயின. ஆறு வண்டிகள் கடைசி வரை நின்று, வாரத்துக்கு வாரம் விலை இறங்கின. காணாமல் போனவர்களுக்குப் போன் செய்து, நானும் இதே வண்டிதான் விற்கிறேன், உண்மையில் எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்டேன். மூன்று பேர் சொன்னார்கள். மூவருமே போட்ட விலையை வாங்கவில்லை. அந்த மூன்று தொகைதான் எனக்கு ஆதாரம். மீதி விளம்பரங்கள் எல்லாம் ஆசை.

*

நான் டீசல் மெக்கானிக். ஒரு நண்பருக்காக வண்டி பாக்கப் போன கதையைச் சொல்றேன். காலைல எட்டு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு ஏழேகாலுக்கே போய் நின்னேன். ஓனர் வாசல்ல பல் தேச்சுக்கிட்டு நிக்கிறார். பானட் மேல கையை வெச்சேன், சுடுது. "வண்டியை எங்கயாவது எடுத்தீங்களா?" "இல்லையே, நேத்து ராத்திரி நிறுத்தினதுதான்." நான் ஒண்ணும் பேசலை. சாயங்காலம் வர்றேன், அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். குடுத்துட்டார், பாவம்.

சாயங்காலம் ஹீட்டர் போட்டுப் போட்டு நாலாவது செல்ஃப்லதான் பிடிச்சுது. வெள்ளைப் புகை, மூணு சிலிண்டர்ல நொண்டி நொண்டி ரெண்டு நிமிஷம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்தமா ஓடுச்சு. ஹீட்டர் பிளக் போயிருந்தா சின்னச் செலவு. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்குற அழுத்தம், போயிருந்தா இன்ஜினை இறக்கணும். வெளியிலேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால கேஜ் வெச்சு அளந்தோம். மூணு சிலிண்டர் 28, 27, 28 பார். நாலாவது 19. அளவு எவ்வளவுங்கறதைவிட ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு விலகுதுன்னு பாருங்க. பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நான் கவலைப்பட மாட்டேன். அந்த கேஜைக் காட்டினதுக்கு அப்புறம் பேரமே தேவைப்படலை. நல்ல வண்டியோட விலையிலிருந்து முழு இன்ஜின் வேலைக் கூலியைக் கழிச்சுக் குடுத்துட்டு வாங்கினோம்.

இன்னொண்ணு: சூடான இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போது ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி, அதே ஓட்டை மேல தலைகீழா வெச்சுப் பாருங்க. லேசா ஆடலாம். தட்டிவிட்ட மாதிரி குதிச்சு விழுந்தா பிஸ்டன் ரிங்ஸ் தேய்ஞ்சிருக்கான்னு சந்தேகப்படணும். எல்லா இன்ஜினுக்கும் இது ஒத்துவராது, ஆனா காசில்லாத பரிசோதனை. சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் உள்ள எரியுதுன்னு அர்த்தம். நீலம்னா ஆயில்.

*

வால்வை நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் பெல்ட் இருக்கிற இன்ஜினா, அதுக்குப் பதிலா கியர் டிரைவா? பெல்ட்டுன்னா எப்போ மாத்தினாங்கன்னு எழுத்துல இருக்கணும். நிறைய இன்ஜின்ல 1,00,000 கிலோமீட்டர்தான் கணக்கு. பில் இல்லைன்னா மாத்தவே இல்லைன்னு எடுத்துக்கிட்டு விலையில கழிப்பேன். 'போன வருஷம்தான் மாத்தினேன்'ங்கற வாய்ச்சொல்லை நம்பி வாங்கின வண்டி மூணாவது மாசம் ரோட்டு நடுவுல நின்னுச்சு. வால்வு வளைஞ்சு போச்சு. இதுக்கு மேல சொல்ல மனசில்லை.

*

எல்லோரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். இன்ஜினை மாற்றிவிடலாம், அடிச்சட்டமான சேஸை?

நானும் கணவரும் ஒரு பிக்கப் பார்க்கப் போனோம். அவர் ஓட்டிப் பார்த்து மயங்கிவிட்டார், அப்படி ஒரு மிருதுவான இன்ஜின். நான் ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸை முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டங், டங், டங். பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடத்தில் 'பொத்'. அந்த இடத்தில் மட்டும் கருப்புப் பூச்சு புத்தம் புதிதாகப் பளபளத்தது. சும்மா மேல்துருதான் என்றார் விற்பவர். குத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டு, நுனியை வைத்து அழுத்தினேன். இரண்டு விரற்கடை உள்ளே இறங்கியது. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது தெரியாது போலிருந்தது.

அதற்கு மேல் அதை ஓடும் வண்டியாக விலை பேச முடியவில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், கதவுகள் என்று தனித்தனியாக விற்றால் என்ன வரும் என்று கூட்டி, கழற்றும் கூலியைக் கழித்துச் சொன்னோம். அவர் தரவில்லை, நாங்களும் வாங்கவில்லை. ஆனால் எந்தப் பழைய வண்டிக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. நல்ல டீசல் இன்ஜினுக்குத் தனியாகவே கிராக்கி உண்டு.

*

நான் விற்ற பக்கத்தில் இருந்தவன். பெரிய சக்கரம், தூக்கின சஸ்பென்ஷன், இன்ஜின் சக்தியைக் கூட்டும் சிப், சீட், புது பெயின்ட் என்று வண்டியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டியிருந்தேன். பில்களை எல்லாம் ஃபைல் போட்டு நீட்டினேன். வந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனி கண்டிஷன்ல இருந்திருந்தா யோசிக்காம எடுத்திருப்பேன்" என்றார். சிப் போட்டவன் மிதித்துத்தான் ஓட்டியிருப்பான் என்று நினைக்கிறார்கள். புது பெயின்ட்டைப் பார்த்தால் அடியில் எவ்வளவு பட்டி என்று காந்தம் வைத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டி, பெரியதைத் தனியாகப் பாதி விலைக்குத் தள்ளினேன். அந்த ஃபைலில் உதவியது கிளட்ச் பில்லும், டீசலைத் தெளிக்கும் நாசிலின் சர்வீஸ் பில்லும்தான். அவற்றுக்காக யாரும் கூடுதலாகத் தரவில்லை. குறைத்துக் கேட்பது மட்டும் நின்றது.

*

வருடத்தை வைத்து விலை போட வேண்டாம் என்பதற்கு உங்கள் 1998-ஏ நல்ல உதாரணம். கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின் வந்த டாட்ஜ் ராமில் அந்த வருஷ நடுவில்தான் 12 வால்வு போய் 24 வால்வு வந்தது. முன்னதில் முழு மெக்கானிக்கல் பம்ப். பின்னதில் எலக்ட்ரானிக் விபி44 பம்ப். டேங்கிலிருந்து டீசலைத் தள்ளும் லிஃப்ட் பம்ப் பலவீனமானால் இது சேர்ந்து படுத்துவிடும். பதிவில் இரண்டும் 1998, வாங்குகிறவருக்கு இரண்டு வேறு வண்டி. ஃபோர்டு சூப்பர் டியூட்டியிலும் அப்படித்தான். 2003-இல் 7.3 பவர் ஸ்ட்ரோக் போய் 6.0 வந்தது. ஈ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்கே திரும்பப் போகும் புகையைக் குளிர்விப்பது), ஹெட் கேஸ்கட் பழுதாகும் விவகாரம் 6.0-க்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அதைச் சரி செய்ததற்கு அத்தாட்சி இல்லாத 6.0-வைவிட வயதான 7.3-ஐத் தேடுகிறவர்கள் ஏராளம். டொயோட்டா ஹைலக்ஸின் 1கேடி என்ற காமன் ரெயில் டீசல் இன்ஜினில் தொடக்க வருஷ வண்டி என்றால், இன்ஜெக்டர் அடியிலிருக்கும் செம்பு வாஷர் மாற்றியாயிற்றா என்பதுதான் விவரம் தெரிந்தவர்களின் முதல் கேள்வி. அது கசிந்தால் கரி ஆயிலில் இறங்கி ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன் கதையைப் பழைய டீசலுக்குச் சொல்வது விற்பவர்கள்தான். எந்த யானை என்று கேளுங்கள்.

*

மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் துணிச்சீட்டு இருக்கும், பெரும்பாலும் செய்த தேதி போட்டிருக்கும். அது வண்டியைவிடப் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். டயரில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 60,000 ஓடியது என்று சொல்லும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது.

பின்னோக்கித் திருப்பிவைக்காத மீட்டரும் ஏமாற்றும். நான் வாங்கியது ஒரு கம்பெனி வேலை வண்டி. 1,40,000 கிலோமீட்டர்தான், கொள்ளை லாபம் என்று குதித்தேன். இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரை அப்புறம்தான் பார்த்தேன், 6,200 மணி. வகுத்தால் மணிக்கு 22 கிலோமீட்டர் சொச்சம். பாதி நாள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு இருந்திருக்கிறது.

*

பங்குப் பிரச்சினைக்கு ஒரு வழி. தம்பியே விலை சொல்லட்டும். ஆனால் அதே விலைக்கு நீங்களோ தங்கையோ வாங்கிக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். குறைத்துச் சொன்னால் வண்டி போய்விடும், கூட்டிச் சொன்னால் அவன் பணம் போகும். எங்கள் வீட்டில் டிராக்டருக்கு இப்படித்தான் செய்தோம்.

*

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் மூன்று பேரும் சேர்ந்துதான் ஸ்டார்ட் செய்தோம். முதல் செல்ஃபில் பிடித்தது. தங்கை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினாள். பின் பட்டை அருகே ஒரு பக்கம் மட்டும் சத்தம் மாறியது, வெல்டிங் வேலை இருக்கிறது. டயர் நான்கும் 2014. டேஷ்போர்டு பெட்டியில் அப்பாவின் நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு முறை டீசல் போட்டதும், ஆயில் மாற்றியதும் தேதியோடு, பென்சிலில். டைமிங் பெல்ட் மாற்றியது 2,05,000-இல். அதாவது ஏழாயிரம் கிலோமீட்டர் தவணை கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

விளம்பரங்களில் ஒன்பது வண்டி தேறியது, இரண்டு பேர் உண்மையில் விற்ற விலையைச் சொன்னார்கள். அதிலிருந்து பெல்ட், வெல்டிங், டயர் மூன்றையும் கழித்தோம். பிறகு தம்பியை விலை சொல்லச் சொன்னோம், அந்த நிபந்தனையோடு. இரண்டு நாள் யோசித்துவிட்டு எங்கள் கணக்கைவிடக் கொஞ்சம் கூட்டியே சொன்னான். இணையத் தொகையில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே. தங்கை சரி என்றாள், நானும்.

நோட்டு வண்டியோடு சேர்ந்ததா, தனியா என்று இப்போது ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. பில் இல்லாத வண்டிக்கு விலை குறையும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறான் தம்பி. தங்கை அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாள்.